நூற்றைம்பதில் கேட்ட கேள்வி

அந்த வண்டியைப் பற்றி நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். இப்போது விடாமல் எழுதிப் பார்க்கிறேன்.

வளைகுடாவில் ஒன்பது வருஷம் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்துவிட்டு, 2004 தொடக்கத்தில் மரக்காணத்துக்குத் திரும்பி வந்தேன். சில மாதங்களில் ஒரு வேலை கிடைத்தது. ஊருக்கு வடக்கே, சாலையைத் தாண்டிக் கடல் பக்கமாக, சென்னையில் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவருடைய பங்களா இருந்தது. அவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அங்கே ஷெட்டில் நின்ற ஒரு காரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பழைய கார். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு. பின்சீட் என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதில் பைதான் வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. ஆறு சிலிண்டர் எஞ்சின். அதன் பக்கத்தில் சூப்பர்சார்ஜர். சென்னையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மெக்கானிக் அதை எனக்கு விளக்கினார். மற்ற எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ளும்; இதில் பெல்ட்டால் சுற்றும் ஒரு காற்றாடி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பலமும் கூடும். "மிதிச்ச உடனே இருக்கும், யோசிக்காது" என்றார்.

உப்புக் காற்று அந்த வண்டிக்கு எமன். தினமும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மூடி வைப்பேன். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது பங்களாவின் சுற்றுச்சுவரும் பழைய ஷெட்டும் போய்விட்டன. வண்டி அப்போது சர்வீசுக்குச் சென்னை போயிருந்ததால் தப்பித்தது. அதன்பிறகு சாலையோரமாகப் புது ஷெட் போட்டார்கள்.

வாரத்துக்கு ஒருநாள் வண்டியை வெளியே எடுத்து ஓட்ட வேண்டும், பேட்டரி இறங்காமல் இருக்க. அதற்கு முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: அறுபதைத் தாண்டக் கூடாது. நானும் தாண்டவில்லை. உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் அறுபதில் போய் அறுபதில் திரும்புவேன். மிதியைக் கொஞ்சம் தொட்டாலே பானெட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். உடனே காலை எடுத்துவிடுவேன். அரபி வீட்டில் நான் ஓட்டியவையெல்லாம் பெரிய, சொகுசான, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள். இது அப்படியல்ல. கிளட்ச் கனமாக இருக்கும், கியர் ஒவ்வொன்றும் கையில் தெரியும். அந்த விசிலுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டுதான் ஷெட்டில் விடுவேன்.

என் அண்ணன் உப்பளத்தில் லோடு மேஸ்திரி. எந்த லாரியில் எந்த அம்பாரத்து உப்பு ஏறுகிறது, எத்தனை மூட்டை என்று பார்ப்பவர். நான் அந்த வண்டியில் போவதை அவர் வரப்பில் நின்று பார்ப்பார். கையை அசைத்ததில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதிரே பார்த்தால் சலாம் சொல்வார். அதோடு சரி.

காரணம் எங்கள் தகப்பனார், அத்தா. நான் வளைகுடாவில் இருந்த கடைசி வருஷத்தில், ஒரு நாள் விடியற்காலையில் அத்தா மவுத்தானார். அண்ணன் எனக்குப் போன் செய்தார். நான் அழுதுகொண்டே, வருகிறேன், மதிய ஃபிளைட்டைப் பிடிக்கிறேன், எனக்காகக் காத்திருங்கள் என்றேன். எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, நேரம் கடத்தாமல் அடக்கிவிட வேண்டும். ஜமாஅத்தில் பெரியவர்கள் அன்று சாயங்காலமே எடுக்கச் சொன்னார்கள். அண்ணன் அவர்களிடம் மன்றாடி, ஐஸ் பெட்டி வாங்கி வந்து, மறுநாள் மதிய லுஹர் தொழுகை வரைக்கும் வைத்திருந்தார். நான் வரவில்லை. போனும் செய்யவில்லை. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டு, அரபி முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்றேன். ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள். அண்ணன் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

2005 ஏப்ரல் மாதம், உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சமயம். காலை பத்து மணி வாக்கில் வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். உப்புப் பாத்திகள் இரண்டு பக்கமும் கண்ணைக் கூசவைத்தன. லோடு ஏற்றும் ஆள் ஒருவர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலைக்கு ஓடி வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

"பாய், உங்க அண்ணன் விழுந்துட்டாரு."

அண்ணனை ஓர் உப்பு அம்பாரத்தின் நிழலில் கிடத்தியிருந்தார்கள். சட்டை முழுவதும் வியர்வை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. லாரியில் பாதி லோடு ஏறியிருந்தது. அதை இறக்கிவிட்டுக் கிளம்ப நேரமாகும். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த வண்டி தரையோடு தரையாக இருக்கும். கனத்த மனிதரை அந்தச் சீட்டுக்குள் இறக்குவதே பெரிய பாடாக இருந்தது. கைலியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி கறுப்புத் தோல் சீட்டில் ஓடியது. கூட ஒரு ஆள் வர முடியாது. பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன்.

ஊருக்குள் இருந்த டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார், ஊசி ஒன்று போட்டார். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குத் திண்டிவனம் போயிருக்கிறது, காத்திருக்க வேண்டாம், உடனே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வண்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, "இது வேகமா போவுமில்ல?" என்று கேட்டார்.

பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்.

ஊர் எல்லை தாண்டும்வரை எண்பதுக்கு மேல் போக முடியவில்லை. கடைசி வீடுகள் போனதும் மூன்றாவது கியரில் வைத்து முழுவதும் மிதித்தேன். முதலில் அந்த விசில் வந்தது. அது ஏறி ஏறி ஒரு கட்டத்தில் எஞ்சின் சத்தத்தோடு சேர்ந்து ஒன்றானது. முதுகு சீட்டுக்குள் போனது. நான் எதிர்பார்த்தது ஓர் உதை. இது உதை இல்லை. பெரிய கை ஒன்று முதுகில் வைத்துத் தள்ளுவது போல, விடாமல், கியர் மாற்றினாலும் குறையாமல் தள்ளிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் சொன்னது சரி. அது யோசிக்கவே இல்லை. கால் நினைப்பதற்கு முன்பே வண்டி அங்கே இருந்தது.

நூற்றிருபதில் ஸ்டீயரிங் கனமாகி, கையில் நிலைத்து நின்றது. அறுபதில் கல்லையும் பள்ளத்தையும் எண்ணிக் காட்டிய சஸ்பென்ஷன் இப்போது சாலையின் மேல் படிந்துகொண்டது. வளைவுகளில் மூக்கு நான் பார்க்கும் இடத்துக்குத் தானாகத் திரும்பியது. சவுக்குத் தோப்புகள் ஒரே பச்சைச் சுவராகிவிட்டன. எதிரே வந்த பஸ் ஒன்று லைட் போட்டது. நானும் லைட் போட்டேன், ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்த்தார்.

"இதான் அந்த வண்டியா?"

"ஆமாண்ணே. பேசாத இரு."

அனுமந்தை தாண்டி நேர்ச்சாலை வந்தது. முன்னால் சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பஸ். எதிரே தூரத்தில் ஒரு வேன். இரண்டையும் ஒரே மூச்சில் தாண்ட இடம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டேன். மற்ற எந்த வண்டியிலும் இருந்திருக்காது. நான்காவதில் இருந்து மூன்றுக்கு இறக்கினேன். அப்போதுதான் அண்ணன் கேட்டார். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. ஆனால் நான் தெளிவாகக் கேட்டேன்.

"அத்தாவ அடக்குன அன்னிக்கு நீ ஏண்டா வரல? நெசத்தச் சொல்லு."

நான் மிதித்தேன். விசில் உயர்ந்தது. லாரி போனது, பஸ் போனது. வேன் நெருங்குவதற்கு முன்னால் இடப்பக்கம் வந்து சேர்ந்தபோது இன்னும் இடம் மிச்சம் இருந்தது. மீட்டர் நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. "இருண்ணே, அப்புறம்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதையாகச் சொல்லும்போதெல்லாம் நான் விட்டது இதுதான். அந்தச் சமயத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் அண்ணன் பக்கத்தில் செத்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். வாய் துஆ ஓதிக்கொண்டிருந்தது. ஆனால் கையும் காலும் முதுகும் என் வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்களுக்கான வேலையைச் செய்வதுபோல இருந்தன. ஒன்பது வருஷம் அரபிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு மெதுவாகக் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தவன் நான். கூனிமேடு வந்தபோது, ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்து போனது. ஒரு நொடிதான். வந்தது வந்ததுதான்.

காலாப்பட்டில் ஆடுகள் சாலையைக் கடந்தன. பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக அழுந்தி நின்றது. அண்ணனுடைய தலை முன்னால் சாய்ந்து, மறுபடி பின்னால் வந்தது. அவருடைய கை என் தொடைமேல் விழுந்து அங்கேயே கிடந்தது. அது சில்லென்று இருந்தது. அதற்கு அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. மீதித் தூரத்தை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

அண்ணன் பிழைத்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பதினோராம் நாள் அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பித் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கஞ்சி குடித்துவிட்டுப் போ என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டில் நான் சாப்பிட்டது அன்றுதான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், தம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினான் என்று சொன்னார். அந்தக் கேள்வியை மட்டும் அவர் மறுபடி கேட்கவில்லை. நான் ஓட்டிய ஓட்டத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார் என்று புரிந்தது. நான் கஞ்சியைக் குடித்தேன். அவர் தவறாக நினைக்கிறார் என்று தெரிந்தும், அது எனக்கு வசதியாக இருந்தது.

முதலாளிக்கு அன்றே ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து போனில் சொல்லியிருந்தேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லியிருந்தார். அந்த மாதக் கடைசியில் வந்தார். முதலில் சீட்டைப் பார்த்தார். உப்புத் தண்ணீர் காய்ந்து தோலில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. டிரைவர் சீட்டில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"எவ்ளோ போச்சு, பாய்?"

சொன்னேன். தான் அந்த வண்டியை நூறுக்கு மேல் ஓட்டியதே இல்லை என்றார். பயம் என்றார். எப்படி இருந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நான் விசிலிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் அது திரும்பி வந்தது.

அதன்பிறகு அவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். நண்பர்களை அழைத்து வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். சாப்பாடு முடிந்ததும் ஷெட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பாய், அந்தக் கதையச் சொல்லுங்க" என்பார். நாலு தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். லாரியையும் பஸ்ஸையும் தாண்டும் இடத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிட்டது. அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று அவர்கள் கடைசியில்தான் கேட்பார்கள். சில பேர் கேட்கவும் மாட்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஷெட்டுக்கு உள்பக்கம் பார்த்து நின்றிருந்தேன். "அந்த நேரத்துல பார்த்து எங்க அண்ணன் என்னவோ கேட்டுகினு இருக்காரு சார். நான் எங்க கேக்கறது. எனக்கு காதுல அந்த விசில் ஒண்ணுதான்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். முதலாளியின் கண் என்னைத் தாண்டிப் பின்னால் போனது. திரும்பினேன்.

அண்ணன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பி. கையில் மாம்பழப் பை. தன் உயிரைக் காப்பாற்றிய வண்டியின் சொந்தக்காரருக்கு நன்றி சொல்ல, முதல்முறையாகத் தனியாக வெளியே கிளம்பி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியிடம் போய்ப் பையைக் கொடுத்தார். உங்கள் வண்டி இல்லாவிட்டால் நான் இல்லை, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் என்று முறையாகச் சொன்னார். முதலாளி எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து, கொடுத்த ஜூஸைக் குடித்து முடித்து, எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் பின்னாலேயே போனேன். சாலை வரைக்கும் அவர் வேகத்துக்கு மெதுவாக நடந்தோம். பஸ் நிற்கும் இடத்தில் புளியமர நிழலில் நின்றார்.

"அப்போ காதுல விழுந்துச்சு உனக்கு" என்றார்.

விழுந்தது என்றேன்.

"இப்போ விசிலு இல்ல. சொல்லு."

பொய் சொல்ல இன்னொரு தடவை வாய் வரவில்லை. சொன்னேன். பாஸ்போர்ட்டை அரபி முதலாளி தந்துவிட்டார். அத்தா மவுத்தான அன்று காலையிலேயே அது என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் அந்த வாரம் அவர் வீட்டில் கல்யாணம். போனால் வேறு டிரைவரை வைத்துவிடுவேன், திரும்பி வராதே என்றார். மதியம்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஃபிளைட் போய்விட்டது. போய்விட்டது என்று சொல்ல அண்ணனுக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை. கல்யாண வீட்டுக்கு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். வண்டியில் நடந்ததையும் சொன்னேன். அவர் கேட்டபோது நான் சந்தோஷமாக இருந்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். ஏன் அதையும் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியில ஐஸ் உருக உருக நான் மாத்திகினு இருந்தேன். ஒவ்வொரு வண்டி சத்தத்துக்கும் வெளிய வந்து பாத்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ அங்க வண்டி ஓட்டிகினு இருந்தே" என்றார்.

பஸ் வந்தது. ஏறப் போனவருக்குக் கைகொடுத்தேன். அவர் என் கையைத் தொடாமல் கம்பியைப் பிடித்து ஏறினார்.

திரும்பிப் போனபோது முதலாளியின் நண்பர்கள் போயிருந்தார்கள். அவர், உங்கள் அண்ணன் ரொம்ப மரியாதையான மனிதர் என்றார். அந்தக் கதையை இனிமேல் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் தலையை ஆட்டினார். வருஷக் கடைசியில் வண்டியைச் சென்னைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்துக்கொள்ள என்னையும் அங்கே வரச் சொன்னார். நான் போகவில்லை. ஊரிலேயே ஒரு ஸ்கூல் வேன் ஓட்டத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் போகாது, போனால் கதவு கழன்று வரும்.

அண்ணன் பழையபடி சலாத்தோடு நிறுத்திக்கொண்டார். அண்ணிக்குக் காரணம் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து, என்ன நடந்தது என்று என்னிடம் பலமுறை கேட்டார்கள். அண்ணனிடமே கேளுங்கள் என்றேன். கேட்டார்களாம். வெயில் அசதி, வேறொன்றுமில்லை என்றாராம். ஜமாஅத்திலோ உப்பளத்திலோ என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஊரார் முன்னால் அசிங்கப்படுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை அவர் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் இரண்டு மாதம் அண்ணியின் தம்பி கூடப் போனார். மூன்றாவது மாதம் அவருக்கு வேலை இருந்தது. நான் காலையிலேயே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அண்ணன் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பேசாமல் போனோம். டிரைவர் அனுமந்தையில் டீ குடிக்க நிறுத்தினார். அண்ணன் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை.

2006-இல் எல்லா மாதமும் நான்தான் கூடப் போனேன். டாக்டர் சொல்வதை அவர் என்னைக் கேட்டுக்கொள்ளச் சொல்வார். பெரிய வார்த்தைகள் தனக்குப் புரியவில்லை என்பார். அவருக்கு எல்லாம் புரியும். மருந்துக் கடையில் கூட்டமாக இருந்தால், ஃபைலையும் மருந்துச் சீட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் வரிசையில் நின்று, மாத்திரைகளை வாங்கி, எது காலைக்கு, எது இரவுக்கு என்று சரிபார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவரும் ஒருமுறை சரிபார்ப்பார். பிறகு பஸ்ஸுக்கு நடப்போம்.